ஓசியில் வந்த நண்டு

ஜூன் 3, சனி

என் தொட்டிக்குக் கேட்டிருந்த, பாசியும் நுண்ணுயிரும் ஒட்டிய கடல்கல் இரண்டும் வந்துவிட்டன. சென்னையில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் தாமஸ் அனுப்பியது. ஈரத் துணியில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மேலே "உயிர் உள்ளது, கவனம்" என்று எழுதியிருந்தான். "தேச்சுக் கழுவிப் பாத்தாச்சு சார், ஒரு பூச்சி பொட்டு இருக்காது" என்று போனில் சத்தியம் வேறு. கடைக்காரன் சத்தியம் பண்ண ஆரம்பித்ததுமே போனை வைத்துவிட வேண்டும்.

கற்களைத் தொட்டியில் நானே இறக்கினேன். நான்கடித் தொட்டி. கிளினிக்கின் வரவேற்பறையில் ஒன்பது மாதமாக நிற்கிறது. கடலே இல்லாத கோயம்புத்தூரில் உப்புத்தண்ணீர் கலக்கி, மென்பவளமும் கடல் சாமந்தியும் வளர்க்கும் பல் டாக்டர் வேறு யாரும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. காத்திருக்கும் சனத்துக்கு அதன் அருமை தெரிந்தால்தானே. குழந்தைகள் கண்ணாடியைத் தட்டும். அப்பன்கள் "இதை வறுக்கலாமுங்களா?" என்பார்கள். ரிசப்ஷனில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் அம்சவேணி இன்றைக்கும் சொன்னாள்: "அந்த எடத்துல ஒரு டிவி வெச்சா எல்லாரும் கம்முனு உக்காந்திருப்பாங்கங்க."

ஷமீலா மட்டும் குனிந்து பார்த்தாள். எனக்கு அறுபத்து மூன்று வயதாகிவிட்டது, துணைக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று என் மனைவி சௌந்தரம் இரண்டு வருடத்துக்கு முன் அடம்பிடித்துச் சேர்த்த பெண். ஊசி போடுமுன் நோயாளியிடம் "பயமா இருக்கா?" என்று கேட்கும் ரகம். கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வான். பிறகு அவனைச் சமாதானப்படுத்த கால் மணி நேரம்.

ஜூன் 7, புதன்

தொட்டியில் இருந்த நத்தைகளில் இரண்டு காலி. ஓடு மட்டும் மணலில் கிடந்தது. உள்ளே துடைத்து வைத்த மாதிரி சுத்தம். நான் அதிகமாகத் தீனி போடுவதால் செத்தது என்று அம்சவேணி கண்டுபிடித்திருக்கிறாள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் எத்தனை வாங்கினாள் என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.

சௌந்தரத்துக்கு மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். "என்னங்க இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடி மாற்றச் சொன்னேன். அவளும் மாற்ற மாட்டாள், இந்த மருந்துக் கம்பெனிப் பேனாவும் ஒழுங்காக எழுதாது.

ஜூன் 10, சனி

நண்டு!

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தொட்டி விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். இருபது நிமிடம். புதிய கற்களில் பெரியதன் ஓட்டையிலிருந்து முதலில் ஒரு கால் வந்தது, பிறகு உடம்பு. காலெல்லாம் பழுப்பு மயிர், இடுக்கி நுனி கறுப்பு. மயிரும் கறுப்பு இடுக்கியும் இருந்தால் மாமிசம் தின்னும் சாதி என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. சாவகாசமாக வந்து, மென்பவளத்தின் ஒரு மொட்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே மென்றது. டிக்கெட் எடுக்காமல் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த மூஞ்சி.

தாமஸைக் கூப்பிட்டேன்.

"நண்டா? கல்லுக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கும் சார். எல்லாருக்கும் வர்றதுதான். ஓசில ஒண்ணு கெடைச்சுதுன்னு வெச்சுக்கங்களேன்."

"என் நத்தையெல்லாம் தின்னுடுச்சு."

"என்ன சார்? சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல."

ஊரில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது. இந்த வாரம் இப்படிக் கேட்கும் நான்காவது ஆள் இவன்.

ஜூன் 12, திங்கள்

பொறி வைத்தேன். உயரமான கண்ணாடி டம்ளருக்குள் இறால் துண்டு போட்டு, கல் மேல் சாய்த்து வைக்க வேண்டும். நண்டு உள்ளே இறங்கும். வழுக்கும் கண்ணாடியில் ஏறி வர முடியாது. குழந்தைகூடச் செய்யும் வேலை.

முதல் டம்ளர் உடைந்துவிட்டது. ஈரக் கண்ணாடி வழுக்கத்தான் செய்யும். இரண்டாவதை ஷமீலா வந்து, கேட்காமலே, கையில் வாங்கி வைத்தாள். நன்றி சொல்லவில்லை. நான் கேட்டேனா?

ஜூன் 14, புதன்

டம்ளரில் இறால் அப்படியே இருக்கிறது. நண்டுக்கு என்னைவிட நிதானம் அதிகம்.

காலையில் உள்ளே நுழைந்ததுமே அம்சவேணி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "எப்படி நாறுதுங்க டாக்டர்! நேத்தே சொல்லலாம்னு இருந்தேன்." ஷமீலாவும் ஆமாம் என்றாள். நான் தொட்டிக்கு மேலேயே முகத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை. அப்புறம் பின்பக்கக் கல்லடியில் நத்தை ஒன்று அழுகிக் கிடந்ததை அம்சவேணி எடுத்துக் காட்டினாள். எடுத்துவிட்டால் ஆயிற்று. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. பால் தீய்ந்திருக்கிறது, நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். படித்துக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு அடுப்பில் பாலை வைத்தவள் அல்லவா பார்க்க வேண்டும்?

ஜூன் 15, வியாழன்

ஆறுச்சாமி வந்தார். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக என்னிடம்தான் பல் பார்க்கிறார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட, பல்லை ராவிக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். நாக்கின் ஓரத்தில் கீறல். மூன்று தையல். ஷமீலா பக்கத்தில் இருந்ததால் அவளைப் போடச் சொன்னேன். கேஸ் ஷீட் எழுதும் வேலை எனக்கு இருந்தது. "நோயாளி எதிர்பாராமல் தலையை அசைத்ததால் ஏற்பட்ட காயம்" என்று எழுதினேன்.

அவர் மனைவி பாப்பாத்தி வெளியே காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பத்து நிமிசம் ஆடாம உக்கார முடியாதா உங்களுக்கு? சின்னப் புள்ளையா நீங்க?" ஆறுச்சாமி வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு, கையைக் கையை ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 16, வெள்ளி

நண்டு தென்படவில்லை. தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 19, திங்கள்

செத்தது சனியன்!

காலையில் டம்ளருக்குப் பக்கத்தில் மணலில் கால் பரப்பிக் கிடந்தது. கரண்டியால் அள்ளி, ஒரு தட்டில் வைத்து, ரிசப்ஷன் மேசையிலேயே காட்சிக்கு வைத்தேன். வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது மாதத்தில் முதல்முறையாக என் தொட்டி விவகாரத்தில் சனத்துக்கு அக்கறை.

பத்தரை மணிக்கு ஷமீலா வந்தாள். தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சார், இது நண்டு இல்ல. சட்டை."

"என்ன சட்டை?"

"உரிச்சுப் போட்ட ஓடு. கண்ணைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. முதுகு பின்னால தொறந்திருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல." விரலால் தூக்கிக் காட்டினாள். காகிதம்போல் எழுந்தது. "ஓடு சின்னதாப் போச்சுன்னா கழட்டிட்டுப் புதுசு வளத்துக்கும். இப்ப முந்தியவிடப் பெருசா இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கீழக்கரை சார். எங்க வாப்பா மீன் ஏலம் எடுக்கறவங்க."

எட்டு வருடம் படித்து முடித்துவிட்டு, கடைசியில் நண்டுச் சட்டையில் வந்து நிற்கிறாள். வரிசையில் இருந்த ஒரு கிழவர் சிரித்தார். அவருக்கு வாயில் மொத்தம் நாலு பல்.

ஜூன் 22, வியாழன்

தொட்டியில் ஜோடியாக இருந்த க்ளவுன் மீனில் பெண் போய்விட்டது. வாலும் பக்கத் துடுப்பும் கிழிந்து கடல் சாமந்தியின் அடியில் கிடந்தது. ஆண் மீன் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. முட்டாள் மீன். வேறு எங்கேயாவது போக வேண்டியதுதானே.

ஜூன் 24, சனி

சதி ஒன்று வெளிப்பட்டது.

அப்பாயின்ட்மென்ட் நோட்டைத் தற்செயலாகப் புரட்டினேன். பத்து நாளாக, பல் பிடுங்குவது, ரூட் கெனால், உறை என்று எல்லாமே ஷமீலா பெயருக்குக் கீழே. என் பெயருக்குக் கீழே "பார்வை", "பார்வை", "மருந்துச் சீட்டு", "பார்வை".

அம்சவேணியைக் கூப்பிட்டேன். "இது யார் வேலை?"

"சௌந்தரம் அம்மாதானுங்க போன் பண்ணிச் சொன்னாங்க."

"கிளினிக் யாருது? சௌந்தரத்துதா?"

"இல்லைங்க." கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தாள். "நீங்க ஒரு கையை எந்நேரமும் கோட்டுப் பையிலயே வெச்சுக்கறீங்க டாக்டர். வர்றவங்க கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டுமுங்க?"

கோட்டுப் பை எதற்கு இருக்கிறது, கை வைக்கத்தானே!

வீட்டில் சௌந்தரத்தைக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. "நரம்பு டாக்டர்கிட்ட ஒருக்கா போலாமுங்க. நானும் வர்றேன்." காபியைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றேன். "காபி விட்டு மூணு மாசம் ஆச்சுங்க" என்றாள்.

ஜூன் 28, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

மதியம் ஒன்றரைக்குக் கதவைச் சாத்தினோம். நண்டு எந்தக் கல்லில் இருக்கிறது என்று தெரியும். கல்லோடு வெளியே எடுத்து, ஓட்டைக்குள் சோடாவைச் செலுத்தினால் மூச்சு முட்டி வெளியே வந்துவிடும். அம்சவேணி பெட்டிக்கடையிலிருந்து இரண்டு கோலி சோடா வாங்கி வந்தாள். கடைக்காரர் யாருக்கு வயிறு சரியில்லை என்று விசாரித்தாராம்.

கல்லைத் தூக்கியது ஷமீலா. ரிசப்ஷன் மேசையில் பிளாஸ்டிக் தட்டு வைத்து அதில் வைத்தோம். கல்லின் மேல்பக்கம் முழுக்க மென்பவளம் படர்ந்திருக்கிறது. அதில் சோடா பட்டால் கருகிவிடும், ஊசி பட்டால் கிழிந்துவிடும். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இடது கையில் பிடித்து ஓட்டைக்குள் பார்த்தபடி, வலது கையால் சோடா ஏற்றிய மழுங்கிய ஊசியை விட வேண்டும். முப்பத்து நாலு வருடமாக வாய்க்குள் நான் செய்யும் வேலை அதுதான்.

கண்ணாடியை ஓட்டையின் விளிம்பில் வைத்தேன்.

டக் டக் டக் டக் என்று கேட்டது.

கண்ணாடியின் விளிம்பு கல்லில் அடிக்கும் சத்தம். அழுத்திப் பிடித்தேன். இன்னும் வேகமாக அடித்தது. அந்தச் சாத்திய அறையில் வேறு சத்தமே இல்லை.

"மேசையை ஆட்டாதே" என்றேன் அம்சவேணியிடம்.

அவள் மேசை மேல் வைத்திருந்த இரண்டு கையையும் எடுத்து, மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஓரடி பின்னால் போய் நின்றாள்.

டக் டக் டக் டக்.

வலது கையால் ஊசியைக் கொண்டுபோனேன். அது பவளத்தில் போய்க் குத்தியது. இரண்டங்குலத்துக்குக் கிழிந்தது.

"சார், நான் பிடிக்கட்டுமா?" என்றாள் ஷமீலா.

"கல்லையா?"

"இல்ல சார். ஊசியை."

கொடுத்தேன். கண்ணாடியையும் கொடுத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்லைத் தன் பக்கம் சாய்த்து, கண்ணாடியால் ஓட்டைக்குள் மூன்று முறை பார்த்தாள். "இருக்கு. வலது பக்கம் திரும்பி உக்காந்திருக்கு." ஊசியை ஒரே கோடாக உள்ளே விட்டு மெதுவாக அழுத்தினாள். பவளத்தில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. முப்பது எண்ணுவதற்குள் அது வெளியே வந்து தட்டில் தொப்பென்று விழுந்தது. எலுமிச்சங்காய் அளவு. அம்சவேணி கத்திவிட்டாள். ஷமீலா முதுகுப்பக்கமாகப் பிடித்துத் தூக்கி வாளியில் போட்டாள்.

நன்றாகச் செய்தாள். நானும் அந்த வயதில் அப்படித்தான் செய்திருப்பேன். இல்லை, அவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டேன்.

அம்சவேணி தட்டைக் கழுவப் போனதும் ஷமீலா கையுறையைக் கழற்றினாள்.

"சார். ஆறுச்சாமி ஐயா தலையை ஆட்டல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேஸ் ஷீட்டை நீங்களே திருத்திடுங்க. நான் திருத்த மாட்டேன். ஆனா அடுத்த தடவை இப்படி ஒண்ணு நடந்தா நான் பேசாம நிக்க மாட்டேன். அன்னைக்கு நின்னேன். அதுவே தப்பு."

திட்டலாம் என்று வாயெடுத்தேன். வாளிக்கு மூடி தேடப் போய்விட்டேன்.

ஜூன் 29, வியாழன்

நண்டைக் கொல்லவில்லை. தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிகட்டும் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு உடைந்த கல்லைப் போட்டு விட்டிருக்கிறேன். தின்பதற்கு அங்கே பாசி மட்டும்தான். கிடக்கட்டும்.

சௌந்தரத்திடம், சனிக்கிழமை போகலாம் என்றேன். சரி என்று மட்டும் சொன்னாள். ஏற்கெனவே நேரம் வாங்கி வைத்திருந்தாள்!

ஜூலை 1, சனி

நரம்பு டாக்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சுவரெல்லாம் பட்டங்கள். சாவித் துவாரம் வரைக்கும் மாட்டியிருக்கிறான்.

நடக்கச் சொன்னான். திரும்பச் சொன்னான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னான். "வாசனை தெரியுதா சார்? மல்லிகை, காபி?" சௌந்தரம் என் முகத்தைப் பார்த்தாள். "பேச்சு மெதுவாயிருக்குன்னு யாராவது சொன்னாங்களா?" என்றான். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ஏதாவது இரண்டு வரி எழுதச் சொன்னான். குழந்தைவேலு என்ற என் பெயர், படிப்பு, கிளினிக் விலாசம் எல்லாம் எழுதினேன். அவன் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தான். முதல் வார்த்தை ஒரு அளவு. கடைசி வார்த்தை கடுகு.

"பார்க்கின்சன் சார். உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்" என்றேன். அதுதான் உண்மை. ஜனவரியிலேயே தெரியும்.

மாத்திரை எழுதிக் கொடுத்தான். வருடக்கணக்காக நன்றாக நடமாடலாம், பேசலாம், சாப்பிடலாம் என்றான். பல்லைத் தொடக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. அதை என் முடிவுக்கே விட்டுவிட்டான். அந்த அளவு மரியாதை தெரிந்த ஆள்தான்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை ஜனவரியிலிருந்து புரட்டினேன். மாதத்துக்கு மாதம் எழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறது. பேனா நல்ல பேனாதான்.

சௌந்தரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டைரியை மூடினாள். நான் அழவில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே, முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேவலமாகத் திட்டினாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் வாயில் இப்படிப்பட்ட வார்த்தைகள் இருந்தது எனக்குத் தெரியாது.

ஜூலை 3, திங்கள்

கேஸ் ஷீட்டைத் திருத்தினேன். "டாக்டரின் கை நடுக்கத்தால் ஏற்பட்ட காயம். நோயாளி அசையவில்லை." தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து கடுகு.

இனிமேல் பார்த்து ஆலோசனை சொல்வதோடு சரி, கருவியைத் தொட மாட்டேன் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். ஷமீலா தலையாட்டினாள். ஏதாவது உருக்கமாகப் பேசுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன், பேசவில்லை. நல்ல வேளை. அம்சவேணி, "அப்ப பல்லு புடுங்கறதுக்கு வர்றவங்ககிட்ட 'டாக்டரம்மா பாப்பாங்க'ன்னே சொல்லிரட்டுமுங்களா?" என்றாள்.

"சொல்லு."

"சரிங்க." நோட்டை விரித்தாள். இரண்டு வரி எழுதிவிட்டு, எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். வர ரொம்ப நேரமாயிற்று.

ஜூலை 5, புதன்

ஆறுச்சாமி வீட்டுக்குப் போனேன். சௌந்தரம் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து சாணைக்கல்லில் அரிவாள்மணை தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நாக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆறிவிட்டது, காரம் மட்டும் சுரீரென்கிறது என்றார்.

"ஆறுச்சாமி, அன்னைக்கு நீங்க தலையை ஆட்டல. என் கைதான் நடுங்குச்சு. எனக்கு நரம்புல வியாதி. தெரிஞ்சும் நான் வேலை பார்த்தேன். பழியை உங்க மேல போட்டுட்டேன்."

அவர் அரிவாள்மணையைக் கீழே வைத்தார்.

"இந்த ஊட்டுல இருவது நாளா எனக்கு என்ன பேருன்னு தெரியுமுங்களா? ஆட்டுக்கல்லு. பேத்தி வரைக்கும் அப்படித்தான் கூப்புடுது." கோபத்தில் அவருக்குக் கழுத்து நரம்பு தெரிந்தது. "நான் ஆடலைன்னு எத்தன தடவ சொன்னனுங்க. டாக்டர் பொய் சொல்லுவாரான்னு கேட்டா என்னத்தச் சொல்றது? அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. ஆட்டித்தான் போட்டனாட்டம் இருக்குதுன்னு நானே நம்பிட்டனுங்க."

"மன்னிச்சுக்குங்க."

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆகுது? உள்ள போயி அவகிட்டச் சொல்லுங்க."

போனேன். பாப்பாத்தி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாங்க என்று எழுந்தார். நின்றபடியே அதே ஐந்து வாக்கியத்தைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அதைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. போடவில்லை.

"வலிக்குங்களா?"

"வலி இல்லைங்க. நடுக்கம்தான்."

"அந்த மனுசன நான் பேசாத பேச்சில்லைங்க" என்றார். "உங்க வார்த்தைய நம்பித்தானுங்க அத்தனையும் பேசுனேன்." கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நான் கிளம்பலாமா என்று பார்த்தேன். "உக்காருங்க" என்றார், கொஞ்சம் அதட்டலாகவே.

ஆறுச்சாமியும் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார். டம்ளர் என் முன்னால் வந்தது, விளிம்பு வரை ஊற்றி. ஆறு மாதமாக வெளி இடத்தில் எதையும் நான் குடிப்பதில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். சட்டையில் சிந்தியது. பாப்பாத்தி ஒரு துணியை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

சர்க்கரை அதிகம், டிகாஷன் வெறும் தண்ணீர். மகா மட்டமான காபி. கடைசி வரைக்கும் குடித்தேன்.